பரிசலுக்கு ஒரு பெடல்: அமராவதி அணை மீனவரும் மின்மோட்டார் படகும்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருப்பூர், பல்லடம், உடுமலைப் பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் அமராவதி அணைக்குக் கிளம்புவது வழக்கம். பூங்காவைச் சுற்றிவிட்டு, முதலைப் பண்ணையில் பிள்ளைகளுக்கு முதலை காட்டிவிட்டு, அணைக்குப் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவிப் பொரித்த மீனைச் சாப்பிட்டால்தான் அந்தப் பயணம் முழுமையாகும். வெளியூரில் இறைச்சி என்றால் எங்கே அறுத்தது, யார் அறுத்தது என்று விசாரிக்கிற நாம், மீன் என்றதும் எந்தக் கேள்வியும் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த மீனைப் பிடித்தவர் யார், எதில் ஏறிப் போய்ப் பிடித்தார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அவர் ஏறிப் போனது பரிசல். மூங்கில் பிளாச்சில் வட்டமாகப் பின்னி, ஒரு காலத்தில் தோலும் பிறகு தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய அதே பரிசல்தான் இப்போது பல இடங்களில் ஃபைபரில் வருகிறது. வடிவம் மாறவில்லை. கையில் ஒற்றைத் துடுப்பு. அணையின் நடுப்பகுதி வரை அதைத் தள்ளிக்கொண்டு போய், மாலையில் தங்கூஸ் வலையை நீளமாக விட்டுவிட்டு, விடிவதற்கு முன் மறுபடியும் போய் அதை எடுக்க வேண்டும். வலை எடுக்க இரண்டு கையும் வேண்டும், துடுப்புப் போடவும் இரண்டு கையும் வேண்டும். ஆகவே ஒரு பரிசலுக்கு இரண்டு பேர். தமிழகத்தின் பல நீர்த்தேக்கங்களில் அந்த இரண்டு பேர் கணவனும் மனைவியுமாக இருப்பார்கள். ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வலையை இழுத்து மீனைக் கழற்றுவார்.

இந்தப் பின்னணியில்தான் வெளிநாடுகளில் பரவிவரும் ஒரு புதுவகைச் சிறுபடகைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவரோ இருவரோ மட்டும் ஏறும் படகு. எழுந்து நின்றாலும் கவிழாத அளவுக்கு அடிப்பகுதி அகலமானது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். அதைக் கையால் பிடித்துத் திருப்ப வேண்டியதில்லை. காலில் ஒரு பெடலை அழுத்தினால் போகும், திரும்பும். விலை கூடிய ரகங்களில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், செயற்கைக்கோள் குறிப்பை வைத்துக்கொண்டு மோட்டார் தானாகவே ஓடி, காற்றடித்தாலும் படகை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும். நங்கூரம் போடத் தேவையில்லை. மீன் பிடிப்பவரின் இரண்டு கைகளும் முழுநேரமும் தூண்டிலிலோ வலையிலோ இருக்கலாம்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் விளையாட்டுப் பொருளாகத்தான் வளர்ந்தது. மின்சாரத்தில் படகு ஓட்டுவது பழைய யோசனை. குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1881-லேயே பாரிஸின் சேன் நதியில் மின்மோட்டார் பொருத்திய படகை ஓட்டிக் காட்டினார். தூண்டில்காரர்களுக்கான சிறிய மின்மோட்டாரை அமெரிக்காவில் மின் கோட்டா என்ற நிறுவனம் 1934-இல் தொடங்கி வைத்தது. இன்று அதே நிறுவனத்தின் மோட்டாரோடு சேர்த்து விற்கப்படும் ஓல்டு டவுன் வகைப் படகு ஒன்றின் விலை ஏறத்தாழ 4,000 டாலர். நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல். அமராவதிக் கரையில் பரிசல் வைத்திருப்பவரிடம் இந்த விலையைச் சொன்னால் சிரித்துவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் விலையை ஒதுக்கிவிட்டு அந்தக் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், திருப்பூர்க்காரர்களுக்கு அதில் புதிது எதுவுமில்லை.

பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பதும் இதே மோட்டார்தான்

நம் வீடுகளில் யாராவது ஒருவர் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பார், அல்லது உட்கார்ந்திருந்தவராக இருப்பார். ஓவர்லாக் மெஷினில் டெய்லரின் இரண்டு கைகளும் துணியில் இருக்கும். வேகம் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் காலில். கிளட்ச் மோட்டார் ஓடிய காலத்தில், தைத்தாலும் தைக்காவிட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது, கரண்ட் ஏறிக்கொண்டே இருந்தது. சர்வோ மோட்டார் வந்த பிறகு பெடலை அழுத்தினால் மட்டும் சுற்றுகிறது. சத்தமும் குறைந்தது, மின்கட்டணமும் குறைந்தது. காலால் இயக்கும் மின்மோட்டார் படகு என்பது இந்த ஏற்பாட்டைத் தண்ணீரில் இறக்கியதுதான். மோட்டார், அதற்கொரு கன்ட்ரோலர், ஒரு பெடல், ஒரு பேட்டரி. இவற்றில் பேட்டரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மின்ஸ்கூட்டர்கள் வந்தபின் பேட்டரி பார்க்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். பக்கத்துக் கோவையோ பம்பு மோட்டாருக்குப் பெயர் போன ஊர்.

தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாருக்குச் சீல் வைப்பது, ஈரம் புகாமல் வயரிங் செய்வது ஆகியவை தனி வேலை என்பதை மறுக்கவில்லை. அதுவும் ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் மோட்டார் இறக்கிப் பழகிய இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். சிறு படகுக்குப் போதுமான ஒரு மோட்டார் சுமார் 25 கிலோ தள்ளுவிசை தரும். முழு வேகத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்று முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும். பாதி வேகத்தில் போனால் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகத் தாங்கும், ஏனென்றால் தண்ணீரில் வேகம் கூடக் கூட அதற்காகச் செலவாகும் மின்சாரம் பல மடங்காக ஏறுகிறது. அவசரப்படுகிற ஆளுக்கு இந்தப் படகு சரிப்படாது. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்ற ஒன்றரை யூனிட் மின்சாரம், வீட்டுக் கட்டணத்தில் பத்து ரூபாய்க்குள். அதே வேலைக்கு ஒரு சிறிய பெட்ரோல் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. அதோடு அமராவதி குடிதண்ணீருக்கும் பாசனத்துக்கும் பயன்படும் அணை. அதில் பெட்ரோலும் ஆயிலும் சிந்துவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

பேட்டரியின் எடையையும் சொல்ல வேண்டும். அந்த அளவு ஈய பேட்டரி 30 கிலோ வரும், லித்தியம் பேட்டரி 12 கிலோவுக்குள் அடங்கும். ஈய பேட்டரியின் எடையே ஒருவகையில் உதவிதான். படகின் அடியில் நடுவாக வைத்துக் கட்டிவிட்டால் கனம் கீழே இறங்கி ஆட்டம் குறையும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கரைச்சேற்றில் அதைத் தோளில் சுமந்து இறங்குகிறவரிடம் இந்த விளக்கம் எடுபடாது.

முதலை இருக்கும் தண்ணீர்

கவிழாத படகு என்பது தூண்டில் விளம்பரங்களில் ஒரு வசதியாகச் சொல்லப்படுகிறது. அமராவதியில் அதன் பொருள் வேறு. 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணைக்குச் சின்னாறு, பாம்பாறு, தேனாறு ஆகியவை மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவருகின்றன. இந்த ஆறுகளிலும் நீர்த்தேக்கத்திலும் சதுப்பு முதலைகள் இயற்கையாகவே வாழ்ந்து பெருகுகின்றன. தென்னிந்தியாவில் அவை காட்டுச்சூழலில் இனப்பெருக்கம் செய்யும் முக்கியமான இடம் இது. நம் பிள்ளைகள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் முதலைகளின் உறவினங்கள், சுவர் எதுவும் இல்லாத தண்ணீரில் பரிசலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

பரிசல் உட்கார்ந்திருக்கும்வரை நல்ல வாகனம். தட்டையான அடி, ஆழம் குறைந்த தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் இடித்தாலும் வளைந்து கொடுக்கும், தலையில் கவிழ்த்து வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். இத்தனை நூற்றாண்டுகள் அது நீடித்ததற்குக் காரணம் இருக்கிறது. குறை எங்கே என்றால், ஒருவர் விளிம்பில் சாய்ந்து கனத்த வலையை இழுக்கும்போது வட்டம் முழுவதும் அந்தப் பக்கமாகச் சரிகிறது. காற்றடித்தால் சுழல்கிறது. நேர்கோட்டில் போவதற்கு ஓயாமல் துடுப்பை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆடி மாதத்தில், காற்றை எதிர்த்துப் பரிசல் தள்ளுகிற தோள்பட்டைக்குத்தான் அதன் விலை தெரியும்.

பரிசலின் ஓரத்தில் ஒரு மோட்டாரைக் கட்டினால் போதாதா என்று கேட்கலாம். வட்டமான படகைப் பின்னாலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளினால் அது சுற்றத் தொடங்கும். முன்புறம் கட்டி இழுக்கவிட்டால் ஓரளவு நேராகப் போகும். பரிசல்காரர் துடுப்பை முன்பக்கம் வைத்துத் தண்ணீரைத் தன்னை நோக்கி இழுப்பதும் இதனால்தான். எப்படியானாலும் அரைவேலைதான். அகலமான, நீள்வடிவத் தட்டைப்படகுதான் இதற்கு ஏற்றது.

இப்படி ஒரு படகை நம் நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஃபைபரில் ஒரு சிறு சூரியசக்திப் படகை உருவாக்கியது. நீர்த்தேக்கம், ஆறு, மீன் பண்ணை போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் செவுள் வலையும் தூண்டிலும் போடுகிறவர்களை மனதில் வைத்தே அது வடிவமைக்கப்பட்டது. ஆட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அகலம் கூட்டப்பட்டது. மேலே நிழலுக்கு ஒரு கூரை, கூரையிலேயே சூரியத் தகடு. முழுதாகச் சார்ஜ் ஏறிவிட்டால் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம், அமைதியான தண்ணீரில் சுமார் 4 நாட் வேகம், அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அணை மீனவருக்கு இது போதும்.

அதே கொச்சியில் நவால்ட் என்ற நிறுவனம் கட்டிய 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் பயணப் படகு 2017 ஜனவரி முதல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அந்த நிறுவனம் பிறகு 'ஸ்ரவ்' என்ற பெயரில் மீன்பிடிப் படகும் செய்தது. ஆக, தொழில்நுட்பம் நம் பக்கத்து மாநிலத்தில், ஒரு பகல் பயண தூரத்தில் இருக்கிறது. ஆனால் அணைகளில் இன்றும் துடுப்புதான். ஏன்?

தடை எங்கே இருக்கிறது

முதல் தடை வலைதான். சுழலும் புரொப்பெல்லரும் நைலான் வலையும் பரம விரோதிகள். செவுள் வலையின் மெல்லிய இழை ஒருமுறை புரொப்பெல்லரில் சுற்றிவிட்டால் வலையும் போச்சு, சில நேரம் மோட்டாரின் சீலும் போச்சு. அமெரிக்க ஏரியில் ஒற்றைத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. படகு எந்தத் திசையில் போகிறது, வலை எந்தப் பக்கம் ஏறுகிறது, மோட்டாரை எந்த நொடியில் நிறுத்தித் தூக்க வேண்டும் என்பதையெல்லாம் தினமும் வலை எடுக்கிறவர் சொல்லித்தான் வடிவமைப்பாளர் தெரிந்துகொள்ள முடியும். கோடையில் அணை வற்றும்போது தலைகாட்டும் மரக்கட்டைகளையும் பாறைகளையும் பற்றியும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் 1980-களில் பியர் ஜில்லே என்பவரின் முயற்சியில், கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் மாற்றாக ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாக்கப்பட்டன. பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி விலையேறிய காலம் அது. கரையில் அலையைத் தாண்டி இறக்க முடிகிற, மீனவர் நின்று வேலை செய்ய முடிகிற படகைக் கண்டுபிடிக்கப் பல வடிவங்களைச் செய்து, தோற்று, திருத்த வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை அவர் 1985-இல் நூலாக எழுதியபோது வைத்த ஆங்கிலத் தலைப்பின் பொருள் 'சிறியது கடினம்' என்பது. பிற்காலத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அத்தகைய படகுகளைப் பெருமளவில் கட்டிக் கொடுத்தது. மீனவரே உறுப்பினராக இருக்கும் அமைப்பு செய்ததால் அது நிலைத்தது என்பது நம் கருத்து. அதிகாரிகள் வரைந்து கொடுத்த எத்தனையோ படகுகள் கடற்கரையில் கோழிக்கூண்டாகிப் போயிருக்கின்றன.

இரண்டாவது தடை பணம். உண்மையில் பணத்தைவிடக் கடன் என்று சொல்வதே சரி. 1980-களில் கேரளத்திலும் குமரியிலும் வள்ளங்களுக்கு வெளிப்பொருத்து மோட்டார்கள் வந்தபோது முதலில் மீன்பாடு கூடியது. பிறகு எல்லோரிடமும் மோட்டார் வந்துவிட்டதால் அந்த அனுகூலம் கரைந்தது, எரிபொருள் செலவும் கடனும் மட்டும் மிஞ்சியது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி மோட்டார் வாங்கியவர், மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிய நிலைக்குப் போனார். தொண்டி, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் வள்ளம் வைத்திருக்கும் உறவினர்கள் உள்ள வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அணை மீனவரின் நிலை அதைவிட மோசம். கடல் மீனவருக்குப் பிடித்த மீன் தன்னுடையது. நீர்த்தேக்கத்தில் அரசு குஞ்சு விடுகிறது. மீன்வளர்ச்சிக் கழகம் நேரடியாகப் பிடிக்க வைப்பதும் உண்டு, குத்தகைக்கு விடுவதும் உண்டு. எந்த முறையானாலும் பரிசல்காரர் பிடித்ததைக் கரையில் எடை போட்டு ஒப்படைத்துவிட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதே வழக்கம். கட்லாவுக்கு ஒரு விலை, ரோகுவுக்கு ஒரு விலை, ஜிலேபிக்கு ஒரு விலை. பீஸ் ரேட் பற்றித் திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர் சொந்தக் காசில் கம்பெனிக்கு மெஷின் வாங்கிப் போடமாட்டார். அதுபோல மீனுக்கு உரிமை இல்லாதவர் வட்டிக்கு வாங்கி மோட்டார் படகு வைப்பதில் நியாயமில்லை. அப்படி வைத்தால் மிச்சமாகும் அவருடைய உழைப்பின் பலன் குத்தகைக்காரருக்கோ வட்டிக்காரருக்கோ போய்ச் சேரும்.

2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மீன்வளத் திட்டம் ரூ.20,050 கோடியில் அறிவிக்கப்பட்டது. பாரம்பரிய மீனவர்களுக்குப் படகும் வலையும் மாற்றித் தருவது அதில் ஒரு பகுதி. பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. மீதித் தொகைதான் சிக்கல். அந்த 60 அல்லது 40 விழுக்காட்டுக்கு அவர் எங்கே போவார்? அணைக்கரையில் தினத்தண்டல்காரர் இருப்பார். வங்கி இருக்காது.

இங்கே நம் ஜமாஅத்துகள் யோசிக்க ஒரு இடமிருக்கிறது. பல ஊர்களில் பைத்துல்மால் வைத்து, ஆட்டோவுக்கும் தையல் மெஷினுக்கும் தள்ளுவண்டிக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தவணையில் வாங்கிப் பழகியிருக்கிறோம். உடுமலைப் பகுதியில் பரிசல் மீனவர் ஒருவருக்கு மானியம் போக மீதியை அப்படிக் கொடுப்பது அதே கணக்கில் அடங்கும் தொகைதான். அவர் நம் சமுதாயத்தவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. நம் பிள்ளைகள் சாப்பிட்ட மீன் அவர் பிடித்தது.

இரண்டாவது ஆள் என்ன ஆவார்?

கைகளை விடுவிக்கும் மோட்டார் வந்தால் ஒருவரே போய் வலை எடுத்துவிடலாம். அப்படியானால் இதுவரை துடுப்புப் போட்ட மனைவி? இதைச் சாதகமாகவும் பார்க்கலாம், பாதகமாகவும் பார்க்கலாம். இருட்டில், குளிரில், முதலை இருக்கும் தண்ணீரில் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் துடுப்புப் போடுவதிலிருந்து ஒரு பெண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது என்று சொல்லலாம். ஆனால் பரிசலில் இரண்டு பேர் போனால்தான் இரண்டு பேரின் உழைப்பு என்று கணக்கு. அவர் கரையில் நின்றுவிட்டால், வீட்டு வருமானத்தில் தன் பங்கு என்று சொல்ல அவரிடம் என்ன இருக்கும்?

பின்னலாடைத் தொழிலில் இதை நாம் பார்த்திருக்கிறோம். நூலைத் தானாக வெட்டும் மெஷின்கள் வந்தபோது டெய்லரின் வேகம் கூடியது, பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவரின் வேலை சுருங்கியது. பிசிறு வெட்டியவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். மெஷின் வந்தது தவறில்லை. அவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் தவறு. ஆகவே படகு மானியம் பெண்ணின் பெயரில் கேட்கப்பட வேண்டும் என்பது நம் யோசனை. மானியமும் கூடுதல், படகின் உரிமையும் அவரிடம். கணவர் ஓட்டட்டும், அல்லது அவரே ஓட்டட்டும். பெடலை அழுத்தத் தோள்வலிமை தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. களைப்பு குறைந்தால் இன்னும் நூறு மீட்டர் வலை சேர்த்துப் போடத் தோன்றும். ஒவ்வொருவரும் அப்படிச் செய்தால் விட்ட குஞ்சு கிலோ எடைக்கு வருவதற்கு முன்பே வலையில் ஏறிவிடும். வலைக்கண் அளவுக்கும் வலையின் நீளத்துக்கும் கட்டுப்பாடு இல்லாமல் மோட்டார் மட்டும் வந்தால் இரண்டு வருடத்தில் எல்லோரும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள்.

நொய்யலுக்கு எந்தப் படகு?

திருப்பூரைப் பற்றிப் பேசிவிட்டு நொய்யலை விட முடியாது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரு அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராட வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே ஸ்தம்பித்தது. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஆண்டு வேலையில்லாமல் சொந்த ஊருக்குத் திரும்பின. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை அதற்கு முன்பே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த முறைக்கு மாறிய பிறகுதான் தொழில் எழுந்தது. அந்த மாற்றம் உண்மையானது, அதற்குத் தொழில்துறை கொடுத்த விலையும் பெரிது. ஆனாலும் மழைக்காலத்தில் நொய்யலில் நுரை பொங்கும் படங்கள் இன்றும் செய்தித்தாளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நம் மார்க்கத்தில் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் போதாது, தூய்மையானதாக, உடலுக்கு நல்லதாக இருக்க வேண்டும். மீன் ஹலால் என்பதில் சந்தேகமில்லை. சாயக்கழிவும் சாக்கடையும் கலந்த தண்ணீரில் பிடித்த மீன் தய்யிபா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அமராவதிக் கரையில் இந்தப் படகைப் பற்றி இவ்வளவு பேச முடிவதே மலையிலிருந்து வரும் தண்ணீர் இன்னும் நன்றாக இருப்பதால்தான். ஒரே மாவட்டத்தில் ஒரு அணையில் மீனவரின் தோள்வலியைக் குறைப்பது பற்றி யோசிக்கிறோம். இன்னொரு அணையிலோ மீன் பிடிக்கலாமா என்பதே கேள்வியாக இருக்கிறது. நொய்யலுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். அங்கே படகைப் பற்றி இப்போது பேசுவது வீண்.

எல்லா நல்ல தண்ணீரிலும் மோட்டார் ஓட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த நஞ்சராயன் குளம் பறவைகளுக்கானது. அங்கே சத்தமில்லாத மோட்டாரும் வேண்டாம்.

அமராவதியில் ஒரு சோதனை ஓட்டம் நடத்துவதென்றால் மூன்று அலுவலகங்களின் கதவைத் தட்ட வேண்டும். தண்ணீர் நீர்வளத் துறையுடையது, மீன் மீன்வளத் துறையுடையது, கரையும் முதலையும் வனத்துறையுடையவை. ஒருவர் சரி என்றால் இன்னொருவர் கோப்பைத் திருப்பி அனுப்புவது நமக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் கேட்கப்போவது பெரிய திட்டமல்ல. கொச்சி நிறுவனத்தின் வடிவத்தை அடிப்படையாக வைத்து இரண்டு படகுகள். ஒன்றில் காலால் இயக்கும் பெடல், இன்னொன்றில் சாதாரணக் கைப்பிடி. இரண்டையும் கணவன் மனைவியாகப் பரிசலில் போகும் இரண்டு குடும்பங்களிடம் ஒரு வருடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆடிக்காற்றிலும், அணை நிரம்பிய கார்த்திகையிலும், கட்டைகள் தலைகாட்டும் சித்திரையிலும் அவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும். புரொப்பெல்லரில் வலை எத்தனை முறை சிக்கியது, பேட்டரி எத்தனை நாள் நடுத்தண்ணீரில் கைவிட்டது, திரும்பி வரத் துடுப்பு எத்தனை முறை தேவைப்பட்டது என்று அவர்களே குறித்து வைக்கட்டும். இரண்டு படகிலும் ஒரு துடுப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

மோட்டாரையும் பெடலையும் செய்து கொடுப்பதற்குத் திருப்பூரில் ஒரு சர்வோ மெக்கானிக்கும், கோவையில் ஒரு பம்பு பட்டறையும், பொறியியல் கல்லூரியில் கடைசி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் நான்கு மாணவர்களும் போதும். அந்த மாணவர்களில் சிலர் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு, மீன் கடைக்குப் போவதற்கு முன் விடியற்காலையிலேயே பரிசல் கரையேறும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். எடை போடும் வரை அவருக்கு நேரம் இருக்கும்.